பகைவருக்குக் கோழி சூப்

பகைவருக்கு நல்லது செய்தால் அவர் தலையில் நெருப்பை அள்ளிக் கொட்டியதற்குச் சமம் என்று போதகர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைதான், மைக் அக்கா நெடுநாளைக்குப் பிறகு ஒரு பிரசங்கத்தை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். அதுவரை பாடகர் குழு வரிசையில், அடுத்த பாட்டின் பக்கத்தை விரலால் பிடித்தபடி அரைக்கண் மூடியிருந்தவள். 'நெருப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் முழுக்கண்ணும் திறந்துகொண்டது.

மைக் தேவைப்படாததால்தான் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. நாள் முழுக்க உறுமும் துவைக்கும் இயந்திரங்களுக்கு மேலே எழும்பிப் பேசிப் பழகிய தொண்டை அது. வீட்டில் கணவரிடம் 'அந்தத் துண்டை எடுங்க' என்று சொன்னால், தெருவில் போகிற யாரோ ஒருவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த போதகரிடம் போய் நின்றாள்.

"பாஸ்டர், அந்த நெருப்பு நிஜமாவே சுடுமா?"

"நல்லாவே சுடும்மா," என்றார் போதகர். "ஆனா முதல்ல அது..."

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை. படி இறங்கிக்கொண்டிருந்தாள். முதல் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் மனதில் இருந்த தலை, அவள் வீட்டுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருந்தது. வழவழப்பான வழுக்கைத் தலை. பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, விசில் விடவில்லை. மாடிப்படியில் சைக்கிள் நின்றால் ஓர் ஊதல். குப்பையை மாற்றிப் போட்டால் இரண்டு. பின்னால் எல்லோரும் விசில் சார் என்றுதான் சொல்வார்கள். முன்னால் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மைக் அக்காவுக்கும் விசில் சாருக்கும் ஆகாமல் போனது தண்ணீரால்தான். ஒருநாள் அவர் மேலே வந்து, உங்கள் வீட்டுத் தண்ணீர் என் வீட்டில் விழுகிறது என்றார். பால்கனிக் கொடியில் காயும் துணியிலிருந்து கீழே அவர் வைத்திருக்கும் ரோஜாத் தொட்டியில் நாலு சொட்டு விழுந்திருக்கும், அதற்கு இந்த ஆட்டமா என்று அவள் நினைத்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டாமல் பன்னீரா சொட்டும் என்று கேட்டாள். அவர் மறுபடியும் வந்தார். மேலிருந்து தண்ணீர் விழுந்தால் மேலே பார்த்து ஜெபம் பண்ணுங்கள் சார், மழைதானே என்றாள். மூன்றாம் முறை அவர் வரவில்லை. கீழே பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'மூன்றாம் மாடியில் குடியிருப்போர் தண்ணீரைப் பொறுப்புடன் பயன்படுத்தவும்.' மூன்றாம் மாடியில் இருந்ததே ஒரே வீடுதான்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. அதாவது, நேருக்கு நேரான பேச்சு. படியில் எதிர்ப்பட்டால் மைக் அக்கா கைப்பிடிச் சுவரிடம் பேசுவாள். சில பேருக்கு ஊதுறதுக்கு ஒண்ணு இருந்தா உலகமே மைதானம் என்பாள். கைப்பிடிச் சுவர் பதில் சொல்லாது. விசில் சாரும் சொல்லமாட்டார். மூச்சை மட்டும் கொஞ்சம் வேகமாக விடுவார்.

இப்போது வேதமே வழி காட்டிவிட்டது. திட்டவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நல்லது செய்தால் போதும், ஆள் எரிந்துவிடுவார். பாவமில்லாத பழிவாங்கல். இப்படி ஒரு வசதி இருப்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்றுதான் அவளுக்கு வருத்தம்.

வாய்ப்பு அந்த வாரமே வந்தது. விசில் சாருக்குச் சளி. இருமல் மூன்று மாடிக்கும் கேட்டது. மைக் அக்கா ஒரு கோழி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, எலும்பு வெளுக்கும்வரை கொதிக்கவிட்டுச் சூப் வைத்தாள். அடுப்பருகே நின்று கிண்டியபோது அவள் முகத்தில் இருந்த ஆனந்தத்தைப் பார்த்த கணவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பகலெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருப்பவர், வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தாலும் கூசிப்போவார். இருபது வருட மணவாழ்க்கையில் அவர் மனைவியை எதிர்த்துப் பேசியதில்லை. பக்கவாட்டில் மட்டும் ஏதாவது சொல்வார்.

"நெருப்பைக் கையில எடுத்தா முதல்ல கைதான் சுடும்னு சொல்வாங்க," என்றார், ஜன்னலைப் பார்த்து.

"அதுக்குத்தான் கரண்டி இருக்கு," என்றாள் அவள்.

பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு கீழே போய் மணியடித்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஒரு சாணில் சிவந்த மூக்கும் விசிலும் தெரிந்தன. சளிக்கு நல்லது என்று சூப்பை நீட்டினாள். எதற்கு என்று கேட்டார் அவர். சும்மாதான் என்றாள் அவள். அந்தக் கட்டடத்தில் அவரிடம் யாரும் சும்மா எதையும் கொடுத்ததில்லை. அவர் உள்ளே போய் ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்தார்.

"நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க."

வாசலில் நின்றபடியே மைக் அக்கா தன் சூப்பைத் தானே குடித்துக் காட்டினாள். இன்னொரு வாய் என்றார் அவர். அதையும் குடித்தாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, ஆள் விழவில்லை என்று உறுதியானதும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அவமானத்தில் அவளுக்குக் காது சூடேறியது. ஆனால் எரிவது தன் காதுதான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் பாத்திரம் அவள் வாசலில் இருந்தது. துலக்கி, துடைத்து, முகம் பார்க்கலாம் போல. கறையைக் கண்டுபிடிப்பதே தொழிலான அவளுடைய கண், அதில் ஒரு பொட்டு அழுக்கைக்கூடக் காணமுடியாமல் தோற்றுத் திரும்பியது. அவள் வீட்டில் அந்தப் பாத்திரம் அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. இதைப் போர்ப் பிரகடனமாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவளைத் தடுக்க ஆளில்லை. விசில் சார் பையோடு வந்தால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வாள். அவர் வாசலைப் பெருக்குவாள். அவருடைய திரைச்சீலைகளைக் கேட்டு வாங்கிக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, கத்தி முனை மாதிரி மடிப்போடு கொடுத்தாள். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தக் கட்டடத்தில் ஒழுங்கு என்று ஒன்று இருந்தால் அது சாரால்தான் என்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, அதாவது பக்கத்துக் கட்டடத்துக்கும் கேட்கும்படி, சொன்னாள். விசில் சாரின் முகம் நாளுக்கு நாள் வாடியது. கண்ணுக்குக் கீழே கருவளையம். எரிகிறது, நன்றாகவே எரிகிறது என்று அவள் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

கட்டடத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. மைக் அக்கா செயலாளர் பதவிக்குக் குறி வைக்கிறாள் என்றார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. இது அவள் காதுக்கு எட்டவில்லை. விசில் சாரின் காதுக்கு எட்டியது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்தார். விசிலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தனக்கு வயதாகிவிட்டது என்றார். இப்படி ஒரு நல்ல மனசு உள்ள அம்மா மேல்மாடியிலேயே இருக்கும்போது தான் பதவியைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை என்றார். முன்மொழிகிறேன் என்று உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுக்கலாம் என்று மைக் அக்கா வாயைத் திறந்தாள். ஆனால் போன கூட்டத்தில் கட்டடத்தின் ஒழுங்கைப் பற்றி அவள் பேசியதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருந்தது. அவ்வளவு சத்தமாகப் பேசினால் மறக்குமா? தண்ணீர்த் தொட்டிச் சாவி, மொட்டைமாடிச் சாவி, மோட்டார் அறைச் சாவி எல்லாம் ஒரு கொத்தாக அவள் மடியில் விழுந்தன. தன் காசில் தானே சூனியம் வைத்துக்கொண்ட கதை என்று அவள் நினைத்தாள். பாடகர் குழுவில் இருப்பவள் இந்தப் பழமொழியை நினைக்கலாமா என்றும் நினைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் விசில் சார் அவளிடம் வந்தார்.

"ஒரே ஒரு புகார்தான் பாக்கி இருக்கு. என்னால தீர்க்க முடியல. நீங்க வந்து பாத்தா நல்லாருக்கும்."

யாருடைய புகார் என்று கேட்டாள்.

"என்னோடதுதான்."

அவள் முதல்முறையாக அந்த வீட்டுக்குள் போனாள். செருப்புகள் வரிசையாக அளவெடுத்தது போல் நின்றன. அவள் மடித்துக் கொடுத்த திரைச்சீலைகள் மடிப்புக் கலையாமல் தொங்கின. கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதன்மேல் தலையணையும் போர்வையும். படுக்கையறை இருக்கும்போது இவர் ஏன் நாற்காலியில் தூங்குகிறார் என்று அவள் யோசிப்பதற்குள், அவர் படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கறை. நடுவில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அந்தக் கம்பியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. விழுந்த இடம் கட்டிலின் நடு. அங்கே மெத்தைக்குப் பதிலாக ஒரு வாளி இருந்தது. சுவரெல்லாம் ஓதம். அறையே ஈரத்துணி மூட்டை மாதிரி நாறியது. இதில் ஒரு வாரம் படுத்தால் யானைக்கும் சளி பிடிக்கும்.

மேலே சமையலறை இருக்கிற இடத்தில் கீழே படுக்கையறை வைக்கவேண்டும் என்று கட்டியவருக்கு ஏன் தோன்றியதோ. ஆனால் அந்தச் சொட்டில் வந்த எலுமிச்சை வாசனையை மைக் அக்கா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் பாத்திரம் துலக்கும் சோப்பு. அவள் வீட்டுச் சிங்க்கின் கழிவுக் குழாய். அன்று சூப் வைத்துவிட்டு அவள் கழுவிய தண்ணீர்கூட இந்தக் கட்டிலில்தான் விழுந்திருக்கும். தானே சளியைக் கொடுத்து, தானே சூப்பும் கொடுத்திருக்கிறாள். அதுவும் ஊரறிய.

பிறகுதான் வாளியைக் கவனித்தாள். கைப்பிடி உடைந்து, அதற்குப் பதில் கம்பி முறுக்கிக் கட்டிய நீல வாளி. அவள் குளியலறையிலிருந்து காணாமல் போனது.

"இது எங்க வீட்டு வாளியாச்சே சார்."

"ஆமா. டிரைவர் தம்பி கொண்டாந்து வச்சாரு. தினமும் காலையில வந்து காலி பண்ணிட்டுப் போவாரு. தங்கமான மனுஷன்."

கணவர் தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஸ்கூட்டர் துடைக்கிறேன் என்று கீழே போவதும், ஸ்கூட்டர் மட்டும் புழுதி படிந்தபடியே இருப்பதும் அவளுக்கு அப்போது ஒன்றோடொன்று பொருந்தியது.

அவள் மேலே போனாள். தங்கமான மனுஷன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது. நீல வாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்தார், மறுபடி மடித்தார், கடைசியில் மடிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

உன்னிடம் சொன்னால் நீ விசில் சாரோடு சண்டைக்குப் போவாய் என்று அவர் விளக்கினார். அவரிடம் வெறுமனே பொறுங்கள் என்றால் அவர் சங்கத்தைக் கூட்டுவார். குழாயை உடைத்தால் சமையலறைத் தரையையே பெயர்க்கவேண்டும். அதை உன்னிடம் யார் சொல்வது? இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வாளியை வைத்தேன், அவ்வளவுதான்.

"சமாதானம் பண்றவங்களுக்குப் பெரிய பாக்கியம் உண்டுன்னு சொல்லியிருக்கே," என்றார், ஜன்னலைப் பார்த்து.

"சமாதானத்துக்குப் பேரு வாளியா?" என்றாள் அவள். "ஒரு மனுஷன் நாற்காலியில தூங்குறாரு. நீங்க வாளியைக் காலி பண்ணிட்டு வந்து ஜெபத்துல கண்ணை மூடிக்கிட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தக் கேள்வி தன் பக்கமும் திரும்பி நிற்பது அவளுக்கே தெரிந்தது. சமையலறைக்குள் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்று ஜெபிக்க முயன்றாள். ஆண்டவரே, நான் அவருக்கு நல்லதுதான் செய்தேன் என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. சொன்ன வார்த்தையே சங்கடமாக இருந்தது. நல்லதுதான் செய்தாள், சூப் நல்ல சூப், மடிப்பு நல்ல மடிப்பு. ஆனால் ஒரு தடவைகூட, உங்களுக்கு என்ன கஷ்டம் சார் என்று கேட்கவில்லை. அவர் வந்து வந்து சொன்னதையும் காதில் வாங்கவில்லை. பழக்க தோஷத்தில் குழாயைத் திறக்கப் போன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

பிறகு மறுபடி படி இறங்கினாள். கணவரும் பின்னாலேயே வந்தார். விசில் சார் கதவை முழுதாகத் திறந்தார். ஆஸ்பத்திரி இயந்திரங்களை அடக்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் ஏதோ முனகினாள்.

"கேக்கல," என்றார் விசில் சார்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"சத்தம் பத்தல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. வகுப்பில் கடைசி வரிசையைப் பார்க்கும் பார்வை. அவள் மூச்சை இழுத்து, என் தப்புதான், நீங்க சொன்னப்ப நான் கேக்கல, என்னை மன்னிச்சுக்குங்க என்று சொன்னாள். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது. மேலும் கீழும் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் விசில் சார் சிரித்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்திராத சிரிப்பு அது. பல் வரிசைகூட ஒழுங்காக இருந்தது.

"நானும் போர்டுல ஒட்டியிருக்கக் கூடாது," என்றார். "மூணாவது தடவையும் ஏறி வந்திருக்கணும். கௌரவம் விடல."

அப்புறம் அவள் உண்மையை முழுதாகச் சொல்லிவிட்டாள். சூப் எதற்கு வந்தது என்பதையும், போதகர் சொன்ன நெருப்பையும். அவர் கவனமாகக் கேட்டார். தனக்கு எரியவே இல்லை என்றார். பயமாகத்தான் இருந்தது, தூக்கம் போனது பயத்தால்தான், மற்றபடி சூப் நன்றாக இருந்தது என்றார்.

பிளம்பர் வந்து சமையலறைத் தரையைப் பெயர்த்தார். உள்ளே குழாய் இணைப்பு கையோடு வந்தது. அதை மாற்றி, சிமென்ட் பூசி, காயவிடும்வரை அடுப்பு பற்றவைக்க முடியாது. மைக் அக்கா தன் வீட்டிலிருந்து புது மெத்தை விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டு, கூரைக்கும் ஆள் வைத்தாள். இம்முறை யாருக்கும் கேட்காமல் செய்தாள். விசில் சாரோ, அடுப்பில்லாத வீட்டுக்குத் தான்தான் சமைத்து அனுப்புவேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார்.

அங்கேதான் சோதனை தொடங்கியது. இரத்தக் கொதிப்புக்காக டாக்டர் அவரிடம் உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவரும் தொடவில்லை. மற்றவர்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை என்பது அவர் நினைவுக்கு வரவே இல்லை. காய்கறியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த ஏதோ ஒன்று, பெரிய பாத்திரம் நிறைய வந்தது. உப்பில்லை, புளிப்பில்லை, மன்னிப்பு மட்டும் இருந்தது. பாத்திரத்தோடு அவரும் வருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டு காலியாகும்வரை நிற்பார். அந்தக் கண்ணுக்கு முன்னால் எழுந்துபோய் உப்பு ஜாடியைத் திறக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

சபையில் செய்தி பரவி, ஒரு மத்தியானம் போதகர் விசாரிக்க வந்தார். சாப்பாட்டு வேளை. மைக் அக்கா நடந்ததைச் சொல்லி முடித்தாள். அன்று நீங்கள் சொல்லவந்த மீதி என்ன பாஸ்டர் என்று கேட்டாள். முதலில் அது கொடுக்கிறவர் கையைத்தான் சுடும் என்று சொல்லவந்தேன் என்றார் அவர். ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அதற்குள் விசில் சார் பாத்திரத்தோடு வந்துவிட்டார். போதகருக்கும் ஒரு தட்டு போடப்பட்டது.

போதகர் ஜெபித்து, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். மென்றார். மெல்வது கொஞ்சம் மெதுவாயிற்று. கண்கள் மேசையில் எதையோ தேடின, கிடைக்கவில்லை. விசில் சார் எதிரே வந்து நின்றார்.

"எப்படி இருக்கு சார்?"

மைக் அக்கா சாப்பிடுவதை நிறுத்தினாள். பொய் சொல்லக்கூடாது என்று வாராவாரம் சொல்கிற வாய் இப்போது என்ன சொல்லப்போகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. ஓட்டுநர் மேசைக்குக் கீழே அவள் காலை மெல்ல மிதித்தார்.

போதகர் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். ஒரு சபைக்குத் தேவையான அளவு யோசித்தார்.

"எனக்காக இவ்வளவு பெரிய மனசோட யாரும் சமைச்சதில்ல சார்," என்றார்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. விசில் சாரின் முகம் மலர்ந்தது. பின்னால் கட்டியிருந்த கை முன்னால் வந்து கரண்டியை எடுத்தது. போதகர் தட்டில் இன்னொரு குவியல் விழுந்தது, முதலில் விழுந்ததைவிடப் பெரியதாக.

போதகர் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு மைக் அக்காவைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, அவர் தனியாகச் சாப்பிடவேண்டாமே என்று தன் தட்டை நீட்டினாள்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்க சார்."